நீலக் கோப்பை

ஸஃபாக்ஸ்
28 அக்டோபர் 2006

கேட்காத காதுகளோடு தூர தேசத்தில் இருக்கும் என் அக்கா மஹ்பூபாவுக்கு, சரியாகத் தெரியாத கண்களோடு தம்பி தீஜானி சொல்லும் ஸலாம்.

இங்கே நானும் ஸல்ஹாவும் சுகம். நீ, உன் மகள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். பெருநாளுக்கு வழக்கம்போல உப்பு மீன், வெங்காயமும் உலர்திராட்சையும் போட்ட ஷர்மூலாக் குழம்பு. இரண்டு நாள் அடுப்படியை விட்டு ஸல்ஹா வெளியே வரவில்லை. நீ இல்லாத பெருநாளில் மீன் கொஞ்சம் உப்பாகத்தான் இருக்கிறது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இடது கண்ணின் நடுவில் இரண்டு வருஷமாகக் கரி அப்பியது போல இருக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? வலது கண்ணிலும் ஆரம்பித்துவிட்டது. கண் டாக்டர் ஒல்ஃபா படம் எடுத்துக் காட்டினாள். விழித்திரைக்கு அடியில் மஞ்சள் மஞ்சளாகக் கொழுப்புத் துளிகள். நம் வீட்டு எண்ணெய் ஜாடியின் அடியில் மண்டி படியுமே, அச்சு அசல் அதேதான். வயசானவர்களுக்கு வருவதாம். "இதைக் கரைக்க மருந்து இல்லையா?" என்று கேட்டேன். "இதுக்குன்னு இதுவரைக்கும் இல்ல ஹாஜி. ஆனா ரத்தக் கொழுப்பைக் குறைக்கிற மாத்திரை இருக்கில்ல, அதைப் பெரிய அளவுல குடுத்தா இந்தத் துளியும் கரையுமான்னு பாக்கப்போறோம். சேர்றீங்களா?" என்றாள்.

அறுபது பேர். பாதிப் பேருக்கு நிஜ மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று எங்களுக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. மற்றவர்களெல்லாம் முழித்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. "டாக்டர், இது நீலக் கோப்பை!" என்றேன். உனக்கு நினைவிருக்கும். எண்ணெய் ருசி பார்க்கும் குழுவில் நீலக் கண்ணாடிக் கோப்பையில்தான் எண்ணெய் தருவோம், நிறத்தைப் பார்த்து நாக்கு ஏமாறக் கூடாது என்று. முப்பது வருஷம் அந்தக் குழுவில் இருந்தவன் நான், பன்னிரண்டு வருஷம் அதன் தலைவன். எண்ணெயை உள்ளங்கையில் ஊற்றி நிறம் பார்த்தான் என்பதற்காக, கூடப் படித்த ஷாத்லியின் மதிப்பெண் தாளையே கிழித்துப் போட்டு வெளியே அனுப்பியவன். எனக்கா மூடி வைப்பதைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டும்?

கையெழுத்துப் போட்டுவிட்டேன். உனக்குத் தொலைபேசி கேட்காது. எனக்குக் கண் போனால் உன் கடிதத்தை ஸல்ஹா படித்துக் காட்ட வேண்டும். நீ என்னைத் திட்டுவதையெல்லாம் அவள் வாயால் கேட்க வேண்டுமா? அவளுக்கு அது தேன் குடித்த மாதிரி ஆகிவிடும். அந்தக் கொடுமை எனக்கு வேண்டாம்.

உன் தம்பி,
தீஜானி


கிரெனோபிள்
14 நவம்பர் 2006

தம்பி தீஜானிக்கு, உன் செவிட்டு அக்காவின் ஆசிகள். ஸல்ஹாவின் இதயம் எப்படி? அவள் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? அவளை முதலில் கேட்கிறேன். உன்னைக் கேட்டால் கதை அளப்பாய்.

தடித்த பேனா வாங்கியிருக்கிறேன். எழுத்து பெரிதாக இருக்கிறதா? இன்னும் பெரிதாக வேண்டுமானால் சொல், கூச்சப்படாதே.

நீ சேர்ந்தது நல்லது. ஆனால் உன்னை எனக்குத் தெரியும். நாலு பேர் ஒரு பக்கம் போனால் நீ மட்டும் சுவர் ஏறிக் குதிப்பாய். டாக்டர் சொன்னதை அப்படியே செய். தினம் ஒன்று என்றால் ஒன்று. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல். உன் மேதாவித்தனத்தை எல்லாம் ஆலிவ் எண்ணெயோடு நிறுத்திக்கொள்.

எனக்குப் புதுக் கண்ணாடி மாட்டிவிட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. நான் குடுமி வைத்த ஆந்தை மாதிரி இருக்கிறேன் என்கிறாள் பேத்தி. உதட்டைப் பார்த்தே புரிந்துகொண்டு ஒரு அறை கொடுத்தேன்.

துஆவுடன்,
மஹ்பூபா


ஸஃபாக்ஸ்
9 டிசம்பர் 2006

அன்பான அக்காவுக்கு, உன் தம்பியின் ஸலாம். எல்லோரும் சுகம், மழையும் சுகம். இந்த வருஷம் காய் நன்றாகப் பிடித்திருக்கிறது. தெருவெல்லாம் செக்கு வாசனை.

உன் எழுத்து தெளிவாகத் தெரிகிறது. டாக்டர் ஒரு கட்டம் போட்ட தாள் கொடுத்திருக்கிறாள், நடுவில் ஒரு புள்ளி. குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி, காலையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பார்க்க வேண்டும். கோடு வளைந்தால் ஓடிவரச் சொல்லியிருக்கிறாள். இதுவரை நேராகத்தான் நிற்கிறது.

சொன்னால் திட்டுவாய், சொல்லாவிட்டால் எனக்கு வயிறு வெடித்துவிடும். போன வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து, ஒரு ஆப்பிள் துண்டைக் கடித்து, தண்ணீர் கொப்பளித்து, நாக்கைச் சுத்தம் செய்துகொண்டேன். மாத்திரைக் கூட்டைத் திறந்து உள்ளே இருந்த பொடியை நாக்கில் வைத்தேன். மாவு, அக்கா! கொஞ்சம் சுண்ணாம்பு. ஒரு துளி கசப்பு இல்லை. ஸல்ஹாவும் இதயத்துக்காக இதே ஜாதிக் கொழுப்பு மாத்திரைதானே சாப்பிடுகிறாள், அதில் ஒரு ஓரத்தைக் கடித்துப் பார்த்தேன். வாயெல்லாம் கசந்தது. அப்புறம் என்ன சந்தேகம்?

அறுபது பேரில் எனக்கா மாவு? இரண்டு வருஷம் மாவைத் தின்றுகொண்டு கண் அவிவதைப் பார்த்துக்கொண்டிருக்க நான் என்ன களிமண்ணா? சும்மா விடமாட்டேன். ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டேன். அது இருக்கட்டும்.

உனக்கு இந்த வருஷத்து முதல் எண்ணெய் இரண்டு டின் அனுப்புகிறேன். பக்கத்து வீட்டுக்காரன் மகன் மார்செய் துறைமுகம் வரை கொண்டுவருவான்.

தீஜானி


கிரெனோபிள்
2 ஜனவரி 2007

தீஜானி,

ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து. உடம்பு சுகமா, வீடு சுகமா எல்லாம் அப்புறம்.

"அது இருக்கட்டும்" என்று எழுதியிருக்கிறாயே, எது இருக்கட்டும்? சின்ன வயதில் உம்மா ஒளித்துவைத்த அத்திப்பழத்தைத் தின்றுவிட்டு, கேட்டால் இதே வார்த்தையைத்தான் சொல்வாய். எட்டு வயதில் சொன்னது. இப்போது உனக்கு அறுபத்தொன்பது.

உன் நாக்கு எண்ணெயைத்தான் படித்திருக்கிறது, மருந்தைப் படித்ததில்லை. என்ன செய்தாய் என்று திரும்பும் தபாலில் எழுது. எண்ணெய் வந்தது. தொண்டையில் காரம் சரியாக இருக்கிறது. அதில் மட்டும் உன்னை நம்புகிறேன்.

மஹ்பூபா


ஸஃபாக்ஸ்
20 பிப்ரவரி 2007

என் அருமை அக்காவுக்கு, ஆயிரம் ஸலாம். உன் மூட்டு வலி எப்படி? அங்கே பனி என்று செய்தியில் சொன்னார்கள். காலில் கம்பளி உறை போட்டுக்கொள்.

தாமதத்துக்கு மன்னித்துவிடு. இங்கும் குளிர்தான். பள்ளிவாசலுக்கு இப்போது டாக்சியில் போகிறேன். குளிர் முழங்காலில் ஏறிக்கொள்கிறது, வேறொன்றுமில்லை. மாடிக்கு ஏறுவதையும் நிறுத்திவிட்டேன். மேலே எனக்கு என்ன வேலை, சொல்.

கண் பிரமாதம்! கட்டம் நேராக இருக்கிறது. மூன்றாவது மாசப் பரிசோதனையில் ஒரு எழுத்துகூடக் குறையவில்லை. டாக்டர், "கை கால் வலி ஏதாவது இருக்கா ஹாஜி?" என்று கேட்டாள். "கல்லு மாதிரி இருக்கேன் டாக்டர்" என்றேன். கூடுகளை எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. அவள் முகத்தில் ஒரு திருப்தி.

வருத்தமான சேதி ஒன்று. ஸல்ஹாவுக்கு மறதி வந்துவிட்டது. தன் மாத்திரையைச் சாப்பிட்டோமா இல்லையா என்று தெரியாமல் இரண்டு முறை சாப்பிடுகிறாள் போலிருக்கிறது. முப்பது நாளுக்கு வாங்குவது பதினைந்தாம் தேதியே தீர்ந்துபோகிறது. பாவம், வயதாகிறது அல்லவா? நான் ஒன்றும் சொல்வதில்லை.

எழுத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா? கண்ணுக்காக இல்லை. சும்மா, பார்க்க அழகாக இருக்கிறது.

தீஜானி


ஸஃபாக்ஸ்
3 மார்ச் 2007

மரியாதைக்குரிய அண்ணிக்கு, உங்கள் தம்பி மனைவி ஸல்ஹாவின் ஸலாம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இது அவருக்குத் தெரியாமல் எழுதும் கடிதம். தயவுசெய்து பதிலில் இதைச் சொல்லாதீர்கள்.

அண்ணி, எனக்குப் புத்தி கலங்குகிறதோ என்று பயமாக இருக்கிறது. என் தாயாருக்குக் கடைசி ஆறு வருஷம் தன் பெயரே தெரியாமல் போயிற்று, உங்களுக்கே தெரியும். எனக்கும் அதுதான் ஆரம்பம் என்று தோன்றுகிறது. இதய மாத்திரை பாதி மாசத்திலேயே தீர்ந்துவிடுகிறது. அப்புறம் பதினைந்து நாள் மாத்திரை இல்லாமல்தான் இருக்கிறேன். மருந்துக் கடைக்காரரிடம் போய், "நான் ரெண்டு ரெண்டா முழுங்கிட்டேன்"னு எப்படிச் சொல்வேன்?

ஒரு வழி செய்தேன். காலையில் மாத்திரை போட்டவுடன் ஒரு கொண்டைக்கடலையைக் கிண்ணத்தில் போடுவேன். போன மாசம் மாத்திரை தீர்ந்த அன்று எண்ணினேன். பதினைந்து கடலை. பதினைந்து நாள். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் மீதிப் பதினைந்து மாத்திரையைக் காணோம். அப்படியென்றால் கடலை போடுவதையும் மறக்கிறேனா? நான்கு முறை எண்ணிவிட்டு உட்கார்ந்து அழுதேன்.

அவரும் முன்போல இல்லை. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கக் கையை ஊன்றுகிறார். தொடையைப் பிடித்துக்கொண்டு முனகுகிறார். கேட்டால், "குளிருடி" என்கிறார். வெயில் அடிக்கிறது, அண்ணி.

உங்கள்,
ஸல்ஹா


கிரெனோபிள்
15 மார்ச் 2007

தீஜானி,

ஸலாம் சொல்லக்கூட மனம் வரவில்லை. ஆனாலும் சொல்கிறேன், அது கடமை.

உன் வழி என்ன என்று புரிந்துவிட்டது. நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய். மாத்திரை பதினைந்தாம் தேதி தீர்கிறது. முந்நூறு அடி தூரத்துப் பள்ளிவாசலுக்கு டாக்சி. மாடி ஏறுவதில்லை. டாக்டரிடம் கல் மாதிரி இருக்கிறேன் என்று பொய். என் மகள் மருந்தகத்தில் வேலை செய்கிறாள் என்பது உனக்கு மறந்துபோயிற்றா? இந்த மாத்திரையை அளவுக்கு மேல் தின்றால் தசை அழுகும் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினாள். சிறுநீர் தேநீர் நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டுமாம்.

உன் மனைவியின் இதய மாத்திரையைத் திருடுகிறாய். ஹஜ் செய்துவிட்டு வந்த மனுஷன்! அதுகூடப் பரவாயில்லை, திருடிவிட்டு அவளுக்கு மறதி என்று எனக்குக் கடிதம் எழுதுகிறாய். நீ ஒன்றும் சொல்லாமல் இருப்பதுதான் அவளைக் கொல்கிறது. அவள் தாய் எப்படிப் போனாள் என்று தெரிந்த நீயா இதைச் செய்தாய்? எனக்கு உன்மேல் அவ்வளவு கோபம், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

இன்னும் ஒன்று. எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். நவம்பரில் புதுக் கண்ணாடி என்று சொன்னேனே, அன்றைக்குப் படமும் எடுத்தார்கள். எனக்கும் அதே மஞ்சள் துளிகள், இரண்டு கண்ணிலும். இங்கே டாக்டர் எழுதிக் காட்டினார்: "கொழுப்பு மாத்திரை உதவுமா என்று உலகத்தில் சில இடங்களில் சோதிக்கிறார்கள். பதில் வரட்டும்." அந்தச் சில இடங்களில் ஒன்று உன்னுடையது. பதில் உன் தாளிலிருந்துதான் வர வேண்டும், தீஜானி. நீ மாவு தின்றவன் கணக்கில் இருந்துகொண்டு மருந்தைத் தின்றால், மாவு தின்றவனுக்கும் கண் நன்றாக இருக்கிறது என்று எழுதிவைப்பார்கள். அதைப் படித்துவிட்டு எனக்கு இந்த மருந்து வேண்டாம் என்பார்கள். என் காது போய்விட்டது. கண்ணும் போனால் மூடி போட்டு அடைத்த ஜாடிக்குள் இருக்க வேண்டியதுதான்.

ஷாத்லி உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றிப் பார்த்தான். அவன் வேலை போயிற்று. நீ என்ன செய்திருக்கிறாய் என்று நீயே தீர்ப்புச் சொல். குழுவின் தலைவன் நீதானே.

மஹ்பூபா


கிரெனோபிள்
20 ஏப்ரல் 2007

தம்பி,

ஐந்து வாரம் ஆகிறது. தபால்காரர் என்னைக் கண்டாலே தலையை ஆட்டிவிட்டுப் போகிறார். கோபத்தில் எழுதிவிட்டேன், ஆனால் ஒரு சொல்லையும் திரும்ப எடுக்கமாட்டேன்.

உயிரோடு இருக்கிறாயா? ஒரு வரி போதும்.

மஹ்பூபா


ஸஃபாக்ஸ்
6 மே 2007

அக்கா,

உயிரோடு இருக்கிறேன். உன் கடிதம் வந்த அன்று அதைப் படித்து முடித்துவிட்டு, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பத்து நாள் திரிந்தேன். உன்மேல்தான் கோபம். எல்லாம் தெரிந்தவள், நாலு வரியில் என் மானத்தை வாங்கிவிட்டாள் என்று. பதினோராவது நாள் காலையில் என்னால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. சிறுநீர் நீ எழுதிய நிறத்தில் போனது. கழிப்பறைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோது பயந்துவிட்டேன், உண்மையைச் சொல்கிறேன்.

டாக்சி பிடித்து நேராக ஒல்ஃபாவிடம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவள் திட்டவில்லை. அது இன்னும் மோசம். ரத்தம் எடுத்து, உப்புத் தண்ணீர் ஏற்றி, ஆறு நாள் ஆஸ்பத்திரியில் போட்டாள். "இன்னும் ரெண்டு வாரம் போயிருந்தா கிட்னி போயிருக்கும் ஹாஜி" என்றாள். உயிருக்கு ஆபத்து என்றால் மூடியைத் திறக்கலாமாம். என் பெயர் போட்ட உறையைத் திறந்தார்கள்.

மருந்து, அக்கா. முதல் நாளிலிருந்து எனக்கு நிஜ மருந்துதான், அதுவும் பெரிய அளவு. அதன்மேல் ஸல்ஹாவுடையதையும் போட்டு அடைத்திருக்கிறேன். "ஆனா கசக்கவே இல்லையே!" என்று கத்தினேன். "கசக்கக் கூடாதுன்னுதான் பக்குவம் பண்ணியிருக்கோம். ரெண்டு கூட்டுக்கும் ஒரே ருசி. ஸஃபாக்ஸ்ல சோதனை நடத்துறோம், இங்க பாதிப் பேரு எண்ணெய்க்காரங்க, யாராவது நாக்குல வெச்சுப் பாப்பாங்கன்னு தெரியாதா?" என்றாள். முப்பது வருஷம் பெருமையடித்த நாக்கு.

"என் தாளைக் கிழிச்சிடுங்க" என்றேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "ஏன் கிழிக்கணும்? நீங்க செஞ்சதை அப்படியே அதுல எழுதுவேன். தப்பு பண்ணவங்களை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, ஒழுங்கா இருந்தவங்களை மட்டும் எண்ணினா அதுதான் பொய் ஹாஜி. உங்களுக்கு மாத்திரை இனி கிடையாது. ஆனா கண்ணைக் காட்ட நீங்க வந்துதான் ஆகணும். மிச்சம் இருக்கிற ஒன்றரை வருஷமும்." அவள் எழுதினாள், நான் கீழே கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஷாத்லியின் தாள் ஞாபகம் வந்தது. நான் அதை நாலாகக் கிழித்தேன்.

ஸல்ஹாவிடம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன், தயாராகத்தான் நின்றேன். அவள் எழுந்து போய் அலமாரியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்துவந்து மேஜையில் வைத்தாள். உள்ளே கொண்டைக்கடலை. எதற்கு என்று அவள் சொன்ன பிறகுதான் தெரிந்தது. "அப்போ என் கணக்கு சரி?" என்றாள். "சரி" என்றேன். "எண்ணினது எல்லாம் சரி?" "எல்லாம் சரிடி." "என் புத்தி நல்லாத்தான் இருக்கு?" தலையை ஆட்டினேன். அப்படியே முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்தக் கடலையை ஊறப்போட்டு, மறுநாள் காலை சீரகமும் காரமும் போட்டு லப்லாபி வைத்தாள். காய்ந்த ரொட்டியைப் பிய்த்துப் போட்டு என் முன்னால் வைத்து, "ஒண்ணு விடாம எண்ணித் தின்னு" என்றாள். எண்ணித்தான் தின்றேன், அக்கா.

அவள் மாத்திரை இப்போது அவள் டாக்டரிடம் சொல்லி ஒழுங்காகிவிட்டது. பூட்டி வைத்திருக்கிறாள். சாவி அவள் கழுத்தில்.

உன் கண்ணைப் பற்றி ஏன் முதலிலேயே சொல்லவில்லை? நீ மட்டும் என்ன யோக்கியமா? இருவருமே ஒளித்திருக்கிறோம்.

உன் தம்பி,
தீஜானி


கிரெனோபிள்
22 மே 2007

தம்பிக்கு அக்காவின் முத்தம். சுகமாக இரு.

பக்கத்துக்கு ஒன்பது வரி எழுதுகிறேன். பெரிய எழுத்து, ஆகவே குறைந்த சொல்.

ஆமாம், நானும் ஒளித்தேன். நீ பயப்படுவாய் என்று நினைத்தேன். இனி ஒளிக்கமாட்டேன். என் துளிகள் அப்படியே இருக்கின்றன.

சோதனையின் பதில் வரும்வரை காத்திருப்பேன். உன் தாளில் உள்ளது உண்மை என்று தெரிந்தால் போதும், காத்திருக்கலாம்.

உன் காலைத் தேய்த்துவிடச் சொல் ஸல்ஹாவிடம். மாட்டேன் என்றால் அவள் பக்கம்தான் நியாயம்.

ஒருவன் பாக்கி இருக்கிறான். யார் என்று எழுதத் தேவையில்லை.

மஹ்பூபா


ஸஃபாக்ஸ்
17 நவம்பர் 2007

என் அக்கா மஹ்பூபாவுக்கு, கண்ணில் பாதி போய், காலில் முழுவதும் திரும்பி வந்துவிட்ட தம்பி சொல்லும் ஸலாம். ஸல்ஹா நலம், கழுத்துச் சாவியும் நலம். பள்ளிவாசலுக்கு நடந்துதான் போகிறேன்.

நடுவில் நான் எழுதிய இரண்டு கடிதத்திலும் ஷாத்லியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்று கேட்டிருந்தாய். தைரியம் இல்லை, அதனால்தான் எழுதவில்லை. அவன் கோட்டைச் சுவருக்குப் பக்கத்தில் ஆணி, கதவுக் கொண்டி விற்கும் கடை வைத்திருக்கிறான். மூன்று முறை போய், எதிர்ப்பக்கக் காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினேன். நாலாவது முறை அவனே வாசலுக்கு வந்து, "ஏய் தலைவரே! காப்பிக்காரன் உன்னால பணக்காரன் ஆயிட்டான். உள்ள வா, இல்லேன்னா போ" என்று சத்தம் போட்டான்.

உள்ளே போய் நின்றுகொண்டே சொன்னேன். கூட்டைத் திறந்தது, ருசி பார்த்தது, ஸல்ஹாவிடம் திருடியது, எல்லாம். கடைசியில், "நீ ஒரு சொட்டுதான் ஊத்திப் பாத்தே. நான் ஜாடியையே கவுத்துட்டேன். உன் தாளை நான் கிழிச்சிருக்கக் கூடாது. நடந்ததை எழுதி வெச்சிருக்கணும்" என்றேன்.

அவன் ஆணி எடைபோடுவதை நிறுத்தவில்லை. அப்புறம், "பதினெட்டு வருஷம் லேட்டு" என்றான். "ஆமா." "அன்னைக்கு ஏன் கையில ஊத்தினேன்னு கேட்டியா?" "கேக்கல." "கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். என் சொந்தத் தோப்பு எண்ணெய் அதுல இருக்குன்னு வாசனையிலயே தெரிஞ்சுபோச்சு. நல்ல மார்க் போட்டுடுவேனோன்னு பயம். அது என் எண்ணெய் இல்லேன்னு நிறத்தை வெச்சு உறுதி பண்ணிக்கலாம்னு பாத்தேன். முட்டாள்தனம்தான். ஆனா திருட்டு இல்ல." நான் கேட்டதே இல்லை, அக்கா. பதினெட்டு வருஷமும் நான் கேட்டதே இல்லை. அவன் முக்காலி ஒன்றைக் காலால் தள்ளினான். உட்கார்ந்தேன்.

நேற்று புது எண்ணெய் கொண்டுவந்தான். என் பழைய பெட்டியிலிருந்து இரண்டு நீலக் கோப்பைகளை எடுத்துக் கழுவினேன். அவன் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டு, என் எண்ணெயைச் சாதாரணக் கண்ணாடி டம்ளரில் ஊற்றி நீட்டினான். "உனக்கு எதுக்கு நீலம்? உன் கண்ணுக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்றான். ஸல்ஹா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது. எண்ணெய் நன்றாக இருந்தது. அவன் தோப்புடையது என்று தெரிந்தேதான் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்.

ஒரு வருஷப் பரிசோதனை முடிந்தது. வலது கண்ணில் மூன்று எழுத்து குறைந்திருக்கிறது. அது மாத்திரையை நிறுத்தியதாலா, இல்லை எப்படியும் குறைந்திருக்குமா என்று ஒல்ஃபாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அறுபது தாளும் சேர்ந்தால்தான் பதில். இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ஒரு நாள் தவறாமல் போய்க்கொண்டிருக்கிறேன். உனக்காகத்தான் போகிறேன் என்று நினைத்துக்கொள், சந்தோஷமாக இருக்கும்.

போன வாரம் வந்த உன் கடிதத்தில் மொத்தம் இருபத்திரண்டு வரி. ஷாத்லி, "குடு, படிச்சுக் காட்டுறேன்" என்றான். கொடுக்கவில்லை. வாசல் வெளிச்சத்தில் நாற்காலி போட்டு, கருப்பு அட்டையில் ஒரு வரி அளவுக்கு ஓட்டை வெட்டி, அதை நகர்த்தி நகர்த்திப் படித்தேன். மூன்று நாள் பிடித்தது. ஒவ்வொரு திட்டையும் தனித்தனியாக அனுபவித்தேன்.

ஆகவே எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கு. சொல்லைக் குறைக்காதே. கிரெனோபிளில் மழை பெய்ததா, பேத்தி என்ன சொன்னாள், யாரை அறைந்தாய், எல்லாம் எனக்கு வேண்டும். அடுத்த கடிதத்தைப் படிக்க நாலு நாளாவது பிடிக்க வேண்டும்.

உன் தம்பி,
தீஜானி